தண்ணீர்க் கிண்ணம் தரும் எச்சரிக்கை: முதிய நாய்களின் குஷிங் நோயும் நம் பொறுப்பும்

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதி ஆகிய இடங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றில் இன்று பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ பெங்களூரிலோ பணிபுரிகின்றனர். ஓய்வூதியம் பெறும் பெற்றோர் மட்டும் வீட்டில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பகல் முழுவதும் துணையாக இருப்பது, பிள்ளைகள் கல்லூரியில் படித்த நாளில் வாங்கி வந்த நாய்தான். அந்த நாய்க்கும் இப்போது பத்து, பன்னிரண்டு வயதாகிறது.

ஒரு கட்டத்தில் அதன் நடத்தை மாறத் தொடங்குகிறது. கிண்ணத்துத் தண்ணீர் நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது. இதுவரை வீட்டுக்குள் ஒரு சொட்டுச் சிறுநீர் கழித்தறியாத நாய், விடியுமுன் கூடத்தை நனைத்துவிடுகிறது. எவ்வளவு உணவிட்டாலும் போதாமல் சமையலறை வாயிலிலேயே காத்துக் கிடக்கிறது. வயிறு பானைபோல் தொங்க, முதுகும் தொடையும் மெலிகின்றன. விலாப்பகுதியில் முடி உதிர்கிறது. படியேற முடியவில்லை. ஓய்ந்து படுத்திருக்கும்போதும் மூச்சு இரைக்கிறது.

“வயதாகிவிட்டது” என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பின்னர்த் தரையை நாளுக்கு மூன்று முறை துடைத்துச் சலித்துத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். நாயைத் திண்ணைக்கு மாற்றுகிறோம். சில வீடுகளில் அது தெருவுக்கே அனுப்பப்பட்டுவிடுகிறது. ஆனால் மேற்கூறிய அடையாளங்கள் முதுமையின் இயல்புகள் அல்ல. அவை பெரும்பாலும் ஒரு நோயின் குறிகள். அந்நோயை முற்றிலும் குணப்படுத்துவது பெரும்பாலான நாய்களில் இயலாது. கட்டுக்குள் வைத்திருக்க இயலும். அதற்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று, தவறாத ஒழுங்கு. இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது இதுவே.

ஒரு சிறு சுரப்பியின் பெரிய விளைவு

சிறுநீரகங்களுக்கு அருகே ஒவ்வொன்றாக அமைந்த இரண்டு சிறு சுரப்பிகளுக்கு அட்ரினல் சுரப்பிகள் என்று பெயர். அவை சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், உடல் நெருக்கடியைத் தாங்கவும் இரத்தத்தில் சர்க்கரை அளவைக் காக்கவும் உதவுகிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று ஆணையிடுவது மூளையின் அடிப்புறத்தில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. இரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவை எட்டியதும் பிட்யூட்டரி தன் ஆணையைக் குறைத்துக்கொள்ளும். மொட்டைமாடித் தொட்டியில் நீர் நிரம்பியதும் மிதவை மேலெழுந்து குழாயை அடைப்பது போன்ற ஏற்பாடு இது.

குஷிங் நோயில் இந்த மிதவை பழுதுபடுகிறது. நோயுற்ற நாய்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 80 முதல் 85 வரையானவற்றில் பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் ஒரு கட்டியே காரணம். பெரும்பாலும் அது மிகச் சிறியது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றில் அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி தோன்றுகிறது. எவ்வாறாயினும் விளைவு ஒன்றே: கார்ட்டிசால் ஓயாமல் மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் தசை கரைகிறது, தோல் மெலிகிறது, கல்லீரல் பெருக்கிறது, தாகமும் பசியும் பெருகுகின்றன, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுகிறது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மனிதரிடம் இந்நோயை 1912ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 1932இல் அதற்கும் பிட்யூட்டரி கட்டிக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். மனிதரிடம் அரிதான இந்நோய் நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. நடுவயதைக் கடந்த நாய்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. டாக்ஸ்ஹண்ட், பூடில், பீகிள், பாக்ஸர் ஆகிய இனங்களில் கூடுதலாகக் காணப்பட்டாலும் எந்த இன நாய்க்கும் இது வரக்கூடும்.

இயற்கையாக வருவதன்றி, நாமே வரவழைத்துக்கொள்ளும் வகையும் ஒன்று உண்டு. தோல் அரிப்புக்காகப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பல மாதங்கள் கொடுத்து வந்தால் இதே அடையாளங்கள் தோன்றும். தோலில் தடவும் களிம்பும் காதுச் சொட்டு மருந்தும்கூட நீண்ட நாள் பயன்பட்டால் இதற்குக் காரணமாகலாம். ஆகவே கடந்த ஓராண்டில் நாய்க்குக் கொடுத்த மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அதேவேளை, அஞ்சிப் போய் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. உடலின் சொந்தச் சுரப்பு ஓய்ந்திருக்கும் நிலையில் மருந்தும் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவரே வகுக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்க முதல் கணக்கு

மருத்துவரிடம் செல்லுமுன் நாம் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு. காலையில் அளவுக் குவளையால் அளந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவோம். பகலில் மீண்டும் ஊற்றினால் அதையும் குறித்துக்கொள்வோம். மறுநாள் அதே நேரத்தில் எஞ்சியதை அளந்து கழிப்போம். இவ்வாறு மூன்று நாள்கள் குறித்தால் நம்பத்தக்க சராசரி கிடைக்கும்.

நலமுள்ள நாய் ஒரு நாளில் தன் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயிலும் உணவின் ஈரமும் இதைச் சற்றுக் கூட்டும் அல்லது குறைக்கும். கிலோ ஒன்றுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது நோயின் அறிகுறி. 10 கிலோ எடையுள்ள நாய் நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் தாமதியாமல் மருத்துவரைக் காணவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரவில் தரை நனைகிறது என்பதற்காகத் தண்ணீரை மறைத்து வைத்தல் பெருந்தவறு. நாய் மிகுதியாகக் குடிப்பதால் சிறுநீர் கழிக்கவில்லை. சிறுநீர் மிகுதியாக வெளியேறுவதாலேயே குடிக்கிறது. தண்ணீரைத் தடுத்தால் உடல் வற்றும், சிறுநீரகம் கெடும்.

மிகு தாகம் குஷிங் நோய்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களில் கருப்பையில் சீழ் கட்டுதல் ஆகியவற்றிலும் அது தோன்றும். நாய் பருத்தும் சோர்ந்தும் முடியுதிர்ந்தும் இருந்து, தாகம் மட்டும் இயல்பாக இருந்தால் தைராய்டு குறைபாடு இருக்கலாம்; தைராய்டு மாத்திரையால் அது எளிதில் கட்டுக்குள் வரும். எனவே அண்டை வீட்டு நாயின் மருந்துச் சீட்டைக் கொண்டு நம் நாய்க்கு மருந்து வாங்குதல் ஒருபோதும் தகாது.

நோயை உறுதிசெய்தல்

ஒரே ஒரு இரத்தச் சோதனையில் கார்ட்டிசால் அளவைப் பார்த்து இந்நோயை முடிவுசெய்ய இயலாது. அந்த அளவு நாளுக்குள் பலமுறை ஏறி இறங்கும். மருத்துவமனைக்கு வரும் அச்சமே அதை உயர்த்திவிடும். அதனால்தான் சில சோதனைகள் சற்று நீண்டவையாக அமைந்துள்ளன.

முதற்கட்டமாக, வீட்டில் அமைதியாக இருக்கும்போது காலையில் எடுத்த சிறுநீரில் கார்ட்டிசாலுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதுண்டு. அது இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். உயர்ந்திருந்தால் மேற்சோதனை தேவை. டெக்ஸாமெதாசோன் சோதனையில் தொடக்கத்திலும், ஊசி போட்டபின் 4ஆம் மணியிலும் 8ஆம் மணியிலும் இரத்தம் எடுப்பார்கள். அதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்க வேண்டும். ஏசிடிஎச் தூண்டல் சோதனை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வயிற்று ஸ்கேன் அட்ரினல் சுரப்பிகளின் அளவைக் காட்டும். இரத்த அழுத்தமும் சிறுநீரில் தொற்று உள்ளதா என்பதும் உடன் பார்க்கப்பட வேண்டியவை.

திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னில் கேரளக் கால்நடை பராமரிப்புத் துறையின் பல்துறைக் கால்நடை மருத்துவமனை உள்ளது. மேல்நிலை ஆலோசனை தேவைப்படுவோர்க்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியும், எல்லைக்கு அப்பால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் உள்ளன. எந்தச் சோதனை எங்கே, எந்நாளில் செய்யப்படும் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுச் செல்வது முதிய நாயின் அலைச்சலையும் நம் அலைச்சலையும் குறைக்கும். மனிதருக்கான ஆய்வகத்தில் கார்ட்டிசால் அளக்கப்பட்டால், முடிவுத் தாளில் அச்சிட்டுள்ள இயல்பு அளவு மனிதருக்குரியது என்பதை மறத்தலாகாது. நாய்க்குரிய அளவுடன் ஒப்பிட்டு மருத்துவரே பொருள்கூற வேண்டும்.

அடையாளங்கள் எவையும் இன்றிச் சோதனையில் மட்டும் ஐயம் எழுந்தால், உடனே மருந்து தொடங்காமல் கவனித்து வருவதும் ஏற்புடைய வழியே. இம்மருத்துவத்தின் நோக்கம் சோதனைத் தாளைச் சரிசெய்வதன்று. நாயின் நாள்களைச் சரிசெய்வது.

மருந்தும் நேரமும்

இன்று பெரிதும் பயன்படும் மருந்து டிரைலோஸ்டேன். இது அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் உருவாவதைத் தடுக்கிறது. அதன் விளைவு சில மணி நேரமே நீடிப்பதால், நாள்தோறும் ஒரு முறையோ இரு முறையோ வாழ்நாள் முழுதும் கொடுக்கவேண்டும். மைட்டோடேன் என்னும் பழைய மருந்தும் உண்டு; அது சுரப்பியின் திசுவையே அழிப்பது.

இதில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில. மருந்தை உணவுடன் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது உடலில் சரிவரச் சேராது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். கேப்சூலை நாமே பிரித்துப் பங்கிடக் கூடாது. கொடுத்தபின் கைகளைக் கழுவ வேண்டும். கருவுற்ற பெண்களும் கருவுற விரும்பும் பெண்களும் இம்மருந்தைத் தொடாதிருத்தல் நன்று. விடுமுறைக்கு வந்த மகளிடமோ மருமகளிடமோ இப்பொறுப்பை ஒப்படைக்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்து தொடங்கிய 10ஆம் நாள் அளவிலும், 4 வாரங்களிலும், 12 வாரங்களிலும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் இரத்தச் சோதனை செய்து அளவைத் திருத்துவது வழக்கம். தாகமும் பசியும் முதற்சில வாரங்களிலேயே தணியத் தொடங்கும். தோலும் முடியும் சீரடையப் பல மாதங்கள் ஆகும். பொறுமையிழந்து மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டா.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை இது: மருந்து மிகுந்துவிட்டால் கார்ட்டிசால் அளவுக்கு மேல் குறைந்துவிடும். நேற்றுவரை உணவுக்காகத் துடித்த நாய் இன்று உணவைத் தொடாமல் இருப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நடுக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, உடனே மருத்துவரை நாட வேண்டும். உண்ணாத நாய்க்கு மருந்தில்லை என்னும் விதியை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வெப்பமும் ஈரமும்

திருவனந்தபுரத்தின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் மிகுதி. கார்ட்டிசாலால் ஏற்கெனவே இரைக்கும் நாய்க்கு மார்ச்சு முதல் மே வரையான மாதங்கள் கடினமானவை. நடைப்பயிற்சியை விடியற்காலையிலும் அந்திக்குப் பின்னரும் சிறிது நேரம் வைத்துக்கொள்வது நலம்.

சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் துலாவர்ஷம் என இங்கு வழங்கும் வடகிழக்குப் பருவமழையும் வந்தபின் வேறொரு இடர் தோன்றுகிறது. மெலிந்த தோலில் ஈரம் தங்கினால் சீழ்க்கொப்புளங்களும் பூஞ்சையும் எளிதில் பற்றும். நனைந்த நாயை உடனே துவட்ட வேண்டும். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கேரளத்தில் ஆண்டுதோறும் கவலை தரும் நோய். அது நாயையும் தாக்கும். நாயின் சிறுநீர் வழியாக மனிதரையும் அடையும். நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் நிலையில் முதியோர் வெறுங்கையாலும் வெறுங்காலாலும் அதைத் துடைத்தல் நன்றன்று. கையுறை அணிவதும், கிருமிநாசினி கலந்த நீரால் துடைப்பதும், நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியைக் காலந்தவறாமல் போடுவதும் இன்றியமையாதவை.

தசை மெலிந்த நாய் வழவழப்பான தரையில் வழுக்கி விழும். அது நடந்து செல்லும் வழியில் கயிற்று விரிப்புகளை இட்டால் போதும். உணவில் கொழுப்பைக் குறைக்க வேண்டும். தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவலும் விருந்து மிச்சமும் இந்நாய்களுக்கு ஆகா. கணையம் அழற்சியுறும் இடர் உண்டு.

செலவைத் திட்டமிடுதல்

இந்நோயின் செலவு அறுவை மருத்துவம் போல ஒரே நாளில் வந்து முடிவதன்று. ஒவ்வொரு மாதமும் வருவது. ஆகவே அதற்கேற்ற சேமிப்பு முறையும் வேண்டும்.

முதலில் நோயறியும் சோதனைகளுக்கான செலவைத் தனியே குறித்துக்கொள்வோம். பின்னர் ஓராண்டுக் கணக்கை எழுதுவோம். அதில் 12 மாத மருந்து, முதலாண்டில் 10ஆம் நாள், 4ஆம் வாரம், 3ஆம் மாதம், 6ஆம் மாதம், 9ஆம் மாதம், ஆண்டு நிறைவு என ஆறு சோதனைகள், அடுத்த ஆண்டு முதல் நான்கு சோதனைகள், தடுப்பூசிகள், அவசரத்துக்கென ஒரு தொகை ஆகியவை அடங்கும். மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் விலை கேட்டு இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால், மாதந்தோறும் ஒதுக்க வேண்டிய தொகை தெரிந்துவிடும். அத்தொகையை ஓய்வூதியம் வரவாகும் நாளிலேயே நிலையான அறிவுறுத்தல் மூலம் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடலாம். நாய் நலமாக இருக்கும்போதே சிறு தொகையில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது இன்னும் சிறந்தது. பெரும்பாலான வளர்ப்பு நாய்க் காப்பீடுகளில் சேரும் வயதுக்கு வரம்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகத் தொகை கிடைப்பதில்லை. காப்பீட்டைப் பற்றி எண்ண வேண்டிய காலம் நாயின் இளமையே.

டிரைலோஸ்டேன் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் மருந்தன்று. கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் குறையுமுன் அடுத்த மாதத்துக்குச் சொல்லிவைத்தல் நலம்.

நமக்கு இயலாதபோது யார்?

வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிடுமாறு வங்கிகள் வலியுறுத்துவதை வாடிக்கையாளர்கள் அறிவர். நாயின் மருந்துக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். வீட்டு முதியவர் ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் காலை எட்டு மணிக்கு நாய்க்கு உணவும் கேப்சூலும் யார் தருவார்? கடல்கடந்து வாழும் பிள்ளையால் அது இயலாது. அண்டை வீட்டார் ஒருவரிடமோ உறவினரிடமோ முன்னரே பேசி ஒப்புதல் பெறுவோம். மருந்தின் பெயர், அளவு, நேரம், மருத்துவரின் தொலைபேசி எண், ஆபத்தின் அடையாளங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைப்போம். தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம், சோதனைத் தாள்கள் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். நம் நாட்டுச் சட்டத்தில் விலங்கு சொத்துரிமை பெற இயலாது. ஆதலால் நாயின் பராமரிப்புக்கென விட்டுச் செல்லும் தொகையை நம்பத்தக்க ஒரு மனிதரின் பெயரிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

எதுவரை?

மருத்துவம் பெறும் நாய்கள், நோய் கண்டறியப்பட்டபின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்வது பொதுவாகக் காணப்படுவது. சில அதற்கு மேலும் வாழ்கின்றன. பல, குஷிங் நோயால் அல்லாமல் முதுமையின் பிற காரணங்களாலேயே இறக்கின்றன. பன்னிரண்டு வயது நாய்க்கு இரண்டு ஆண்டுகள் என்பது சிறு காலமன்று.

எனினும், மருந்தும் கவனிப்பும் பயன்தராத நாளும் வரக்கூடும். நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும், உண்ணாமல் எழாமல் துன்புற்ற நாளுக்கு வேறொரு குறியும் இட்டு வருவது, அந்த வேளையில் உணர்ச்சிக்கு ஆட்படாமல் மருத்துவருடன் பேச உதவும். துன்ப நாள்கள் தொடர்ந்து மிகும்போது, வலியற்ற முடிவைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது கொடுமையாகாது. உணவும் தண்ணீரும் கிடைக்காத இடத்தில் விட்டுவிட்டு வருவதே கொடுமை. விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு கைவிடுவதைக் குற்றமாகவே கருதுகிறது.

பத்து ஆண்டுகளாக வாயிலில் நம் வருகைக்குக் காத்திருந்த உயிர், இன்று காலை எட்டு மணிக்குத் தன் உணவுக்கும் மருந்துக்கும் நம்மை எதிர்பார்த்திருக்கிறது. இன்று மாலையே அளவுக் குவளையை எடுத்து நம் வீட்டு நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை அளந்து பார்ப்போம். கணக்கு இயல்பாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையெனில், காலத்தில் கண்டறிந்த பயன் நமக்கும் அதற்கும் கிட்டும்.